ஊன விழுக்காடும் உதவித்தொகையின் நியாயமும்

இந்தியாவில் உடல் குறைபாடோ மனநலக் குறைபாடோ உள்ள ஒருவர், மாற்றுத்திறனாளி என்ற முறையில் அரசின் பெரும்பாலான நலத்திட்டங்களைப் பெற வேண்டுமானால், முதலில் அரசு மருத்துவமனையிலிருந்து ஓர் எண்ணைப் பெற்றாக வேண்டும். ஊன விழுக்காடு எனப்படும் அந்த எண்ணை, உரிய துறையின் மருத்துவர் தனியாகவோ மருத்துவக் குழு கூடியோ நிர்ணயித்துச் சான்றிதழில் எழுதித் தருகின்றனர். அது 40 ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்தால், அரசுப் பணிகளில் 4 விழுக்காடும் அரசின் உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறும் நிறுவனங்களிலும் 5 விழுக்காடும் சட்டம் ஒதுக்கியுள்ள இடங்களுக்கு அவர் போட்டியிடலாம்; 39 ஆக இருந்தால் இயலாது. அந்த ஒரு விழுக்காடு உடலின் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டால், அதை எழுதிய மருத்துவராலும் சுட்டிக்காட்ட முடியாது.

இந்த 40 என்னும் எல்லை 1995ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தில் இடம்பெற்று, அதற்கு மாற்றாக 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்திலும் தொடர்கிறது. புதிய சட்டம் ஏழு வகையாக இருந்த குறைபாடுகளை 21 வகைகளாக விரிவுபடுத்தியதோடு, யார் மாற்றுத்திறனாளி என்பதற்கு இரண்டு விளக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தருகிறது. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, வெளியிலுள்ள தடைகளோடு சேர்ந்து, ஒருவர் பிறருக்கு நிகராகச் சமூகத்தில் பங்கேற்பதைத் தடுக்குமானால் அவர் மாற்றுத்திறனாளி என்பது முதல் விளக்கம். இது இந்தியா 2007ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் வழி வந்தது, இதில் விழுக்காடு என்ற பேச்சே இல்லை. அளவுகோல் ஊனம் என்று கொள்ளத்தக்க இரண்டாவது விளக்கமோ 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் என்று எண்ணிலேயே தொடங்கி எண்ணிலேயே முடிகிறது. முதல் விளக்கம் பேருந்தின் படிக்கட்டையும் அலுவலகத்தின் வாசலையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது முழங்காலை மட்டும் அளக்கிறது. உரிமைகளைப் பற்றிப் பேசும்போது முதலாவதும், இடமும் பணமும் பங்கிடும்போது இரண்டாவதும் கையாளப்படுகின்றன.

உடலை விழுக்காடாகப் பிரிக்கும் வழக்கம் மாற்றுத்திறனாளிகளின் நலனுக்காகத் தோன்றியதன்று. ஆலை விபத்தில் கையோ கண்ணோ இழந்த தொழிலாளிக்கு முதலாளி எவ்வளவு பணம் கொடுத்துக் கணக்கை முடிப்பது என்ற கேள்விக்கு விடையாக எழுந்தது அது. இந்தியாவில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், இன்ன உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் இத்தனை விழுக்காடு போனதாகக் கொள்ள வேண்டும் என்று ஓர் அட்டவணையை இணைத்திருந்தது. பின்னாளில் திருத்தப்பட்ட அந்த அட்டவணை, மறுகண் பழுதின்றி இருக்க ஒரு கண்ணை இழந்தவருக்கு 40 விழுக்காடு என்றது. ஊனச் சான்றிதழுக்காக மத்திய அரசு 2018 சனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையோ ஒரு கண்ணில் பார்வையே இல்லாது மறுகண் நன்றாக உள்ளவருக்கு 30 விழுக்காடுதான் தந்தது. இழப்பு ஒன்றுதான், அளக்கும் நோக்கம் வேறு, ஆகவே எண்ணும் வேறு. நோக்கத்திற்கேற்ப மாறக்கூடிய ஓர் எண்ணை, நோக்கம் எதுவாயினும் மாறாத உண்மையாக நலத்துறை நடத்தும்போதுதான் நியாயம் பற்றிய கேள்வி எழுகிறது.

கணக்கிடும் முறையைச் சற்று அருகில் நின்று பார்ப்பது பயன்தரும். கை கால்களில் மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கோணமானி கொண்டும், தசையின் வலுவைப் படிநிலைகளாகவும் மருத்துவர் அளக்கிறார். துண்டிக்கப்பட்ட உறுப்புகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதன்படி இடக்கைப் பெருவிரலை அடியோடு இழந்தவருக்கு 30 விழுக்காடு. அவர் இடஒதுக்கீட்டுக்கு உரியவர் அல்லர். மேலே சொன்ன ஒரு கண் இழந்தவரும் அல்லர். ஆனால் ஒரே ஆளுக்குக் கண்ணும் பெருவிரலும் போயிருந்தால் இரண்டையும் சேர்க்க ஒரு சூத்திரம் இருக்கிறது: பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, 90இலிருந்து அதைக் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வந்த விடையைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். முப்பதும் முப்பதும் இவ்வாறு சேர்ந்தால் அறுபது ஆவதில்லை, ஐம்பதுதான் ஆகும். கணிதத்தில் பிழை எதுவும் இல்லை. ஆயினும் ஒரு கண்ணோடு, பிடிமானம் இல்லாத இடக்கையோடு, தையல் இயந்திரத்தின் முன்னோ லாரியின் ஓட்டுநர் இருக்கையிலோ அமரும் மனிதருக்கு அந்த ஐம்பது எதைச் சொல்கிறது என்பதைச் சூத்திரம் கேட்பதே இல்லை.

முழங்காலுக்குக் கீழே, ஒரே இடத்தில் கால் துண்டிக்கப்பட்ட இருவரைக் கொள்ளலாம். ஒருவர் நகரத்தில் மின்தூக்கி உள்ள அலுவலகத்தில் கணக்கெழுதுபவர், நல்ல செயற்கைக் கால் வாங்கும் வசதி உள்ளவர். மற்றவர் சேற்றில் இறங்கி நாற்று நட்டுக் கூலி பெற்றுவந்த பெண். பட்டியலின்படி இருவருக்கும் ஒரே விழுக்காடு, ஏனெனில் வெட்டுப்பட்ட எலும்பின் நீளம் ஒன்றே. முதலாமவரின் வருமானம் குறையாமலே இருக்கலாம், இரண்டாமவருக்கோ அந்த வேலை முற்றாகப் போயிற்று. இருவரையும் ஒரே தட்டில் வைப்பது சமத்துவம் போலத் தோன்றும்; உதவித்தொகை எதற்காக என்று நினைத்துப் பார்த்தால் அந்தத் தோற்றம் நிற்பதில்லை.

மனநோயை அளப்பதற்கு வேறு முறை இருக்கிறது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கிய அளவுகோலின்படி, தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை செய்தல் ஆகிய நான்கு துறைகளில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, நோய் நீடித்த காலத்திற்கும் மதிப்பெண் சேர்த்து, மொத்தம் 20இல் 7 வந்தால் 40 விழுக்காட்டு எல்லையைத் தொட்டதாகக் கொள்கின்றனர். உறுப்பை விட்டுவிட்டு வாழ்க்கையைப் பார்ப்பதால் இது மேலான முறை என்றே சொல்ல வேண்டும். இதன் பலவீனம் வேறிடத்தில் உள்ளது. நோய் ஏறியும் இறங்கியும் வருவது. மதிப்பீடோ பெரும்பாலும் ஒரு நாளில், கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில் நடப்பது. மருந்து வேலை செய்யும் நாளில் குளித்து, தலைவாரி, கேட்ட கேள்விக்கு ஒழுங்காக விடை சொல்பவர், அந்த ஒழுங்கின் காரணமாகவே மதிப்பெண்ணை இழக்க நேரிடுகிறது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது விழுக்காட்டின் எல்லை மேலும் உயர்கிறது. இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டம், வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பத்தைச் சேர்ந்த, 18 முதல் 79 வயது வரையிலான, 80 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமோ பல்வகை ஊனமோ உள்ளவர்களுக்கு மட்டுமே உரியது. அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய், அத்தொகை 2012ஆம் ஆண்டில் நிர்ணயிக்கப்பட்டது. கண்ணையும் கையையும் காலையும் இத்தனை நுணுக்கமாக அளந்து, சூத்திரம் போட்டுச் சேர்த்து, வடிகட்டி, இறுதியில் ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் வழங்குவதற்கு இவ்வளவு பெரிய தராசு எதற்கு என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தம் நிதியைச் சேர்ப்பதால்தான் இத்தொகை ஓரளவேனும் பொருள் பெறுகிறது. 2023 சனவரி முதல் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் ஓய்வூதியம் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயானது.

இவ்விரு தொகைகளுக்கும் இடையே உள்ள விகிதம் கவனிக்கத்தக்கது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, மற்றவர்களுக்கான அதே வகைத் திட்டத்தின் தொகையைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுகிறது. 1,200 ரூபாய்க்கு 25 விழுக்காடு கூட்டினால் சரியாக 1,500 வருகிறது. மத்திய அரசின் பங்கிலோ, 80 வயதைக் கடந்தபின் முதியவருக்கும் மாற்றுத்திறனாளியான முதியவருக்கும் ஒரே 500 ரூபாய்தான். மேலும், தொகை கூடுதலாக இருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம், துணையாள் கூலி, செயற்கை உறுப்பின் பழுதுபார்ப்பு, பேருந்தில் ஏற முடியாததால் ஆட்டோவுக்குத் தரும் பணம் என ஊனம் நாள்தோறும் இழுக்கும் செலவு எவ்வளவு என்பதை மதிப்பிடும்படி யாரையும் பணிக்கவில்லை.

ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் சாவியாக்கியதன் விளைவு நீதிமன்றங்களில் வெளிப்பட்டது. பேச்சு, மொழிக் குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் உள்ளவர் மருத்துவப் படிப்பில் சேரத் தகுதியற்றவர் என்று விதி இருந்தது. ஆனால் இடஒதுக்கீட்டுக்கோ 40 விழுக்காடு இருந்தே ஆக வேண்டும். குறைந்தால் ஒதுக்கீடு இல்லை, நிறைந்தால் படிப்பே இல்லை. 44, 45 விழுக்காடு என மதிப்பிடப்பட்ட ஒரு மாணவரின் வழக்கில், 2024 அக்டோபர் 15 அன்று உச்ச நீதிமன்றம், எண்ணை மட்டும் பார்த்து ஒருவரை ஒதுக்கக்கூடாது, அவரால் அப்படிப்பைப் படிக்க இயலுமா என்பதை மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் பொள்ளாச்சியைச் சேர்ந்த நீதிபதி கே.வி. விசுவநாதன். அதற்கு முன்னரே 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இறுகிப்போகும் குறைபாடுள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவருக்கு, ஊனம் 40 விழுக்காட்டை எட்டவில்லை என்ற காரணத்தால் தேர்வெழுத உதவியாளரை மறுத்தது தவறு என்றும், அந்த உரிமை முதல் விளக்கத்தின்கீழ் வரும் அனைவருக்கும் உண்டு என்றும் அதே நீதிமன்றம் கூறியிருந்தது.

எண்ணைக் கைவிட்டுச் செயல்திறனைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. பிரிட்டனில் 2008 முதல் வேலைத்திறன் மதிப்பீடு என்ற முறையும், 2013 முதல் அன்றாட வாழ்க்கைக்கும் நடமாட்டத்திற்குமான உதவித்தொகைக்கு வேறொரு மதிப்பீடும் செயல்திறனையே மதிப்பெண்களாக எண்ணின. எத்தனை தூரம் நடக்க முடிகிறது என்பதும் கேள்விகளுள் ஒன்று. நடமாட்ட உதவியின் உயர்நிலைக்கு அதுவரை வழக்கிலிருந்த 50 மீட்டர் அளவு, புதிய முறையில் 20 மீட்டராகக் குறுகியபோது பலர் உதவியை இழந்தனர். மறுக்கப்பட்டுத் தீர்ப்பாயம் வரை சென்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அங்கே வென்றனர் என்பதே அந்த மதிப்பீட்டின் தரத்தைக் காட்டுகிறது. செலவைக் குறைக்க வேண்டும் என்ற முடிவை முதலில் எடுத்துவிட்டு அளவுகோலைப் பின்னர் செய்தால், அது எவ்வகை அளவுகோலாக இருந்தாலும் ஆட்களை வெளியே தள்ளவே பயன்படும்.

இந்தியாவில் இதற்கு மாறான ஒரு முன்மாதிரி, யாரும் பெரிதாகப் பேசாத இடத்தில், நெடுங்காலமாகவே இருக்கிறது. ரயில்வே துறை கை கால் ஊனமுற்றோருக்குக் கட்டணச் சலுகை தரும்போது, துணையாள் இன்றிப் பயணம் செய்ய இயலாதவரா என்று கேட்கிறது. ஆம் என்று மருத்துவர் சான்றளித்தால் அவருக்கும் உடன் வருபவருக்கும் சலுகை கிடைக்கிறது. பயணச் சலுகைக்குப் பயணத்தைப் பற்றிய கேள்வி கேட்கப்படுகிறது என்பதே இதன் சிறப்பு. இவ்வாறே ஓய்வூதியத்திற்கு வருமான இழப்பும் கூடுதல் செலவும், பராமரிப்பு உதவித்தொகைக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் மற்றவர் துணை தேவைப்படுகிறது என்பதும், வேலைக்கு அந்த வேலையைச் செய்யத் தேவையான ஏற்பாடுகளும் கேட்கப்பட வேண்டும். அதிக ஆதரவு தேவைப்படுவோரை மதிப்பிடத் தனி வாரியம் அமைக்க 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு வழிசெய்திருப்பதால், இதற்குப் புதிய சட்டமும் தேவையில்லை.

சான்றிதழின் படிவமும் மாற வேண்டும். நோயின் பெயர், பாதித்த உறுப்பு, விழுக்காடு, மறுமதிப்பீடு தேவையா என்பவற்றைக் கேட்கும் அப்படிவத்தில், அந்த விழுக்காட்டை எவ்வாறு கணக்கிட்டனர் என்று விளக்க இடமில்லை. விண்ணப்பத்தை முற்றாக நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும். 38 என்று எழுதிக் கொடுத்தால் அது நிராகரிப்பு ஆகாது, ஆகவே காரணமும் வேண்டியதில்லை. சான்றிதழே கைக்கு எட்டாதவர்கள் இதற்கும் வெளியே நிற்கின்றனர்: 2018ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி மாற்றுத்திறனாளிகளில் 28.8 விழுக்காட்டினரிடம் மட்டுமே சான்றிதழ் இருந்தது. இந்நிலையில் 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகள், சான்றிதழ் வழங்குவதற்கான கால வரம்பை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டித்திருப்பது முன்னேற்றம் ஆகாது.

சான்றிதழில் குறிக்கப்பட்ட விழுக்காடு தவறு என்று கருதுவோர், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மாநில அரசு நியமித்துள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் எழுத்து மூலம் முறையிடலாம். அப்போது பழைய சிகிச்சைச் சீட்டுகளோடு, வேலையிலும் வீட்டிலும் எவையெவை இயலவில்லை என்பதையும் எழுதி இணைப்பது நல்லது. நாற்பதுக்குக் குறைவாக எழுதப்பட்ட சான்றிதழையும் பயனற்றது என்று வீசிவிட வேண்டாம். எழுதுவதில் சிரமம் உள்ள, 40 விழுக்காட்டை எட்டாத தேர்வர்களுக்கு எழுத்து உதவியாளர் வழங்குவதற்கான நெறிமுறையை மத்திய அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. அதற்குரிய மருத்துவச் சான்றை விண்ணப்பத்தோடு இணைத்துக் கேட்டுப் பெறலாம்.