எபிசோட்: அலமாரிக்கு அடியில சூடு எதுக்கு?

சங்கரன்கோவில்ல உட்கார்ந்துகிட்டு தரையைச் சூடாக்குறது பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. சித்திரை வெயில்ல மொட்டை மாடியில கால் வைக்க முடியாத ஊருதான் இது.

பெரியம்மா மக இங்கிலாந்துல இருக்கா. வீட்டுக்குப் பின்னாடி சமையலறையை இழுத்துக் கட்டுறாங்க. தரைக்குள்ள வெந்நீர் பைப் ஓட்டி ரூமைச் சூடாக்குற முறை. இன்சுலேஷன் பலகை மேல பைப்பை வளைச்சு வளைச்சுப் பதிச்சு, மேல ஸ்க்ரீட் கலவை ஊத்திடுவாங்க. ஊத்திட்டா அவ்வளவுதான், திரும்பப் பார்க்க முடியாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி போன். "ஏ தம்பி, திங்கக்கிழமை ஸ்க்ரீட் ஊத்துறாங்க. நாளைக்குப் பைப் போட ஆள் வாரான். கேபினட் எங்க வரும்னு உங்க அத்தான் இன்னும் முடிவு பண்ணல. என்ன செய்ய?"

நான் யோசிக்கவே இல்ல. "தரை முழுக்கப் போட்டுருக்கா, பின்னாடி எப்படி வேணா மாத்திக்கலாம்"னுட்டேன். சாஃப்ட்வேர்க்காரன் புத்தி, எல்லாத்தையும் ஃபிளெக்ஸிபிளா வைக்கணும்.

போனை வச்ச பிறகுதான் உறுத்துச்சு, உட்கார்ந்து படிச்சேன். நான் சொன்னது தப்பு.

கீழ் கேபினட் எல்லாம் சின்னக் கால்ல நிக்கும், முன்னாடி ஒரு பலகை அடைச்சிருக்கும். அடியில பைப் ஓடினா அந்தச் சூடு ரூமுக்கு வராது. கேபினட்டுக்குள்ள ஏறும். அங்கதான அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இருக்கும்! பக்கத்துல ஃபிரிட்ஜ் இருந்தா அது கூடுதலா ஓடணும். சூட்டுக்குக் காசு, அந்தச் சூட்டை வெளியேத்தவும் காசு. இதுவே மின்சார ஹீட்டிங் மேட்டா இருந்தா இன்னும் மோசம். மேல அடைச்சு வச்சா சூடு போக வழியில்லாம மேட்டே கெட்டுப்போகலாம்.

அப்போ கேபினட் அடியை விட்டுட்டா முடிஞ்சதா? இல்ல, இங்கதான் கணக்கு. அவங்க ரூம் 4 மீட்டருக்கு 3 மீட்டர், 12 சதுர மீட்டர். ரெண்டு சுவர் ஓரமா 60 சென்டிமீட்டர் ஆழத்துல எல் வடிவ கேபினட், அது 3.84. நடுவுல ஐலண்ட், 1.2-க்கு 0.9, அது 1.08. மிச்சம் 7 சதுர மீட்டர்தான். ஆள் நடமாடுற இடத்துல தரைச் சூடு 29 டிகிரியைத் தாண்டக் கூடாதுன்னு ஐரோப்பியத் தரக் குறியீடு சொல்லுது. ரூம் 20 டிகிரின்னா, ஒரு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் சுமார் 100 வாட்தான் கிடைக்கும். அதாவது மொத்தம் 700 வாட். பனிக்காலத்துல ரூம் 900 வாட் இழந்தா? எவ்வளவு நெருக்கமா பைப் போட்டாலும் பத்தாது. கேபினட்டுக்குக் கீழ அந்தப் பலகையில ஒரு சின்ன ஃபேன் ஹீட்டர் வைக்கணும். அதுக்கான லைனையும் ஸ்க்ரீட்டுக்கு முன்னாடியே இழுக்கணும்.

பைப் நீளம் இங்க பிரச்சினையே இல்ல. 15 சென்டிமீட்டர் இடைவெளியில 47 மீட்டர் வருது. ஒரு லூப்புக்கு 100 மீட்டர் வரைக்கும் போகலாம்.

ராத்திரி ஒன்றரைக்குத் திரும்பக் கூப்பிட்டேன். "அக்கா, நான் சொன்னது தப்பு. இப்பவே அத்தானை எழுப்பு, கேபினட் எங்கன்னு முடிவு பண்ணுங்க." வசவு வாங்கிக்கிட்டேன். ஆனா ரெண்டு பேரும் தரையில சாக்பீஸ் வச்சு கோடு போட்டாங்க. ஐலண்டைத் தரையோட திருகி முடுக்குறதால, அந்த இடத்தையும் பைப் இல்லாம காலியா விடச் சொன்னேன். துளை போடுறப்போ பைப் மேல பட்டா சமையலறையே குளம்தான்.

இன்னொண்ணு: பைப் போட்டதும் டேப்பைத் தரையில நீட்டி வச்சு போட்டோ எடுக்கச் சொன்னேன். பதினேழு போட்டோ வந்துச்சு, ஒண்ணுல அத்தான் கட்டைவிரல். தண்ணியை அழுத்தத்துல வச்சபடியேதான் ஸ்க்ரீட் ஊத்தினாங்க, ஓட்டை விழுந்தா கேஜ் காட்டிடும்.

நேத்து அத்தான் போன் பண்ணாரு. "மாப்ள, ஐலண்டை ஒரு அடி ஜன்னல் பக்கம் தள்ளிக்கலாமா?"

ஸ்க்ரீட் ஊத்தி மூணு நாள் ஆச்சு.