பூட்டு மட்டும் போதுமா?



முத்துக்குளித்துறை எனப் புகழ்பெற்றது தூத்துக்குடி. அங்கே, சிப்காட் வளாகத்திலே எழுந்த ஸ்டெர்லைட் தாமிர ஆலை மண்ணையும் நீரையும் கெடுத்தது. 2013-இல் உச்சநீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2018 மே திங்களில், எதிர்த்து எழுந்த மக்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 13 உயிர்கள் பறிபோயின. அதன் பின்னரே ஆலைக்குப் பூட்டு விழுந்தது. 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

வெற்றிதான்! ஆனால், பூட்டு புகையைத் தடுக்கும். மண்ணில் இறங்கிய நஞ்சை எடுக்குமா? உப்பாற்று ஓடைக்கரையில் குவித்த தாமிரக் கசடு, பூட்டைக் கண்டதும் ஓடிவிடவில்லையே!

"அரசு பணம் தரட்டும், நிலத்தைத் திருத்திப் புதுத்தொழில் தொடங்கலாம்" என்கின்றனர் சிலர். தொழில் வேண்டும், வேலையிழந்தோர்க்கு வாழ்வும் வேண்டும். ஆயின், அரசுப் பணம் எவர் பணம்? உப்பளத்திலே பாதம் வெடித்தவர் பணம். கடலிலே வலை இழுத்தவர் பணம்! இலாபம் அவர்களுக்கு, துப்புரவுக் கூலி நமக்கா?

2025-இல் இந்திய அரசு வெளியிட்ட மாசடைந்த நிலங்கள் பற்றிய விதிகள், கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்கின்றன. கெடுத்தவர் இன்னாரெனத் தெரியாவிடில், அல்லது கொடுக்க வகையற்றவராயின், அப்போதுதான் அரசு கைகொடுக்கும். இங்கே கெடுத்தவர் யாரென்று ஊரறியும், நீதிமன்றமும் அறியும்!

ஆகவே, ஊர்தோறும் செல்லுங்கள். கிணற்று நீரைச் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவை ஊரறிய வெளியிடச் சொல்லுங்கள். முதலில் கெடுத்தவர் செலவில் துப்புரவு. பிறகு அரசு துணையோடு புதுத்தொழில். இந்த வரிசை மாறலாகாது.

முத்தெடுக்க மூழ்கியவர் மூச்சை அடக்கினார். மண்ணை மீட்க எழுந்த நாம் குரலை அடக்கலாகாது!