தாடி வளரும்வரை எரிகோவில்



சாமுவேல் இரண்டாம் நூல், 10ஆம் அதிகாரம். ஆலயத்தில் நாம் அதிகம் கேட்டிராத பகுதி இது. அம்மோனியரின் அரசர் இறந்துவிடுகிறார். அவருடைய மகன் ஆனூனுக்கு ஆறுதல் சொல்ல, தாவீது அரசர் தம் பணியாளர்களை அனுப்புகிறார். துக்கம் விசாரிக்க வந்தவர்களை ஒற்றர்கள் என்று சொல்லி ஆனூனின் தலைவர்கள் கிளப்பிவிடுகிறார்கள். ஆனூன் அவர்களைக் கொல்லவில்லை, சிறையிலும் அடைக்கவில்லை. ஆளுக்குப் பாதித் தாடியை மழித்து, பின்புறம் தெரியும்படி உடையை இடுப்போடு வெட்டி, அப்படியே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டான். இரத்தமும் இல்லை, காயமும் இல்லை. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள்.

இதே வேலை இன்று பள்ளி மைதானங்களில் நடக்கிறது. அமெரிக்க, இங்கிலாந்துப் பள்ளிகளில் இதற்கு ‘வெட்ஜி’ என்று ஒரு பெயரே உண்டு. ஒருவன் பின்னால் வந்து, நிற்கிறவனின் உள்ளாடைப் பட்டையைப் பிடித்து மேலே சுண்டி இழுப்பான். அந்நாட்டுச் சிறுவர் கதைப் புத்தகங்களிலும் படங்களிலும் இது ஒரு வேடிக்கைக் காட்சி. அதைக் கைப்பேசியில் பார்த்து நம் பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். அதற்காகப் பழியை முழுவதும் வெளிநாட்டின் மேல் போட்டுவிட முடியாது. டவுசரைக் கீழே இழுத்துவிட்டு ஓடுவது நம் ஊர்ப் பள்ளிகளுக்குப் பழைய சங்கதிதான். மறையுரையில் உள்ளாடைப் பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். விவிலியம் கூசாமல் எழுதியதை நாம் கூசாமல் பேசலாம் என்று நினைக்கிறேன்.

உடலுக்கு ஒன்றும் ஆகாது என்று எண்ண வேண்டாம். பலமாக இழுத்தால் தோல் கிழியும், விதைப்பையில் அடிபடும். விரை முறுக்கிக்கொண்டால் ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். தாமதமானால் அதை இழக்க நேரிடலாம். வெட்கத்தால் வாய் திறக்காத பையனுக்கு அந்த 6 மணி நேரம் வகுப்பிலேயே கழிந்துவிடும்.

செய்தவனைக் கேட்டால், “சும்மா விளையாட்டுக்குத்தான் ஃபாதர்” என்பான். விளையாட்டென்றால் இருவரும் சிரிக்க வேண்டும். இங்கே ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. ஆனாலும் அழுதால் இன்னும் சிரிப்பார்கள் என்பதால் அவனும் பல்லைக் காட்டி வைக்கிறான். அதைப் பார்த்துத்தான் நாம் ஏமாந்துபோகிறோம்.

மத்தேயு நற்செய்தி 27ஆம் அதிகாரத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. படைவீரர் இயேசுவின் ஆடைகளை உரிவதற்கு முன்பு, தங்கள் பிரிவினர் எல்லாரையும் அவர்முன் கூட்டுகிறார்கள். முதலில் கூட்டம், பிறகுதான் ஏளனம். பார்க்க ஆளில்லாவிட்டால் அதில் அவர்களுக்கு என்ன சுவை? இன்று கூட்டம் சேர்க்க ஒரு கைப்பேசி போதும். தவக்கால வெள்ளிதோறும் சிலுவைப்பாதையின் பத்தாம் நிலையில் முழந்தாளிடுகிற நம் பிள்ளைகளிடம், அந்தக் காட்சியில் நின்று சிரித்தவர்கள் யார் என்று மறைக்கல்வி ஆசிரியர்கள் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

1996இல் சிதம்பரத்தில், ராகிங்குக்குப் பணிய மறுத்த முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவனால் கொல்லப்பட்டதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது.

தாவீதிடம் வருவோம். (அடுத்த அதிகாரத்தில் அவர் என்ன செய்தார் என்பது வேறு கதை, இங்கே அவரிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது.) செய்தி கேட்டதும், அவர்களாகவே வந்து சொல்லட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. எதிர்கொண்டு சந்திக்க ஆள் அனுப்பினார். “ஆண்பிள்ளைகள்தானே, இதற்கா கூசுகிறீர்கள்?” என்று கேட்கவில்லை. அரசவைக்கு அழைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லவுமில்லை. தாடி வளரும்வரை எரிகோவில் தங்கியிருந்துவிட்டு வரச் சொன்னார்.

பெற்றோரே, உங்கள் மகன் தானாக வந்து சொல்வான் என்று இருந்துவிடாதீர்கள். துணி துவைக்கும்போது ஜட்டியின் எலாஸ்டிக் அறுந்திருக்கிறதா? விளையாட்டு வகுப்பு இருக்கிற நாளில் மட்டும் வயிற்று வலி வருகிறதா? வீட்டுக்கு வந்ததும் பையைப் போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடுகிறானா? அப்படியானால் நாள் முழுவதும் பள்ளிக் கழிவறைப் பக்கமே போக அஞ்சியிருக்கலாம். அருகில் உட்காருங்கள். “நீயும் திருப்பி அடிக்க வேண்டியதுதானே” என்பதை முதல் பேச்சாக எடுக்காதீர்கள். இரண்டு நாள் வீட்டில் இருக்கிறேன் என்று கேட்டால் இருக்கட்டும். அதற்குள் நீங்கள் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். பள்ளி காது கொடுக்காவிட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. பிள்ளையே அழைத்தும் பேசலாம்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பு முழுவதையும் எழுப்பி நிறுத்தி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். மன்னிப்பு என்ற பெயரில் அந்தப் பையனுக்கு மறுபடியும் ஒரு கூட்டம் கூடிவிடும். செய்தவனைத் தனியே அழைத்துப் பேசுங்கள், அவன் பெற்றோரையும் வரவழையுங்கள். அவனும் நம் ஞாயிறு மறைக்கல்விக்கு வருகிற பிள்ளையாகத்தான் இருப்பான். படம் எடுத்தவனின் கைப்பேசியிலிருந்து அதை அன்றே அழிக்கச் செய்யுங்கள். யார் யாருக்கு அனுப்பினான் என்றும் கேட்டுவிடுங்கள்.