ஹலாலான உழைப்பில் இழிவில்லை

தாமிரபரணியின் நீர்விசையால் 1880களில் பாபநாசத்தில் எழுந்த ஹார்வி பஞ்சாலை, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் பல தலைமுறைகளுக்குச் சோறிட்டது. எனினும் ஆலை ஒரு வாசலே; ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்.

நடுவயதில் வேலையிழந்தவரே! வீட்டாரிடம் அதை மறைக்காதீர்கள். கார் ஓட்டும் உரிமம் உண்டா? மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அதே உரிமத்தில் ஓட்டலாமென 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பகலில் நெல்லும் வாழைத்தாரும் ஏற்றி, இரவில் பிள்ளைகளிடம் திரும்பலாம்.

"லோடு வண்டியா ஓட்டுகிறார்?" என்னும் ஊர்ப்பேச்சுக்கு அஞ்சுகிறீர்களா? நபி (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தார்கள்.

வண்டி உடையோரே! ஓட்டுநர் தேவையெனில் இத்தகையவரை முதலில் அழையுங்கள். வியர்வை உலருமுன் கூலி கொடுங்கள்.