மாத்திரை மீறிவிட்டால் மணியைப் பாருங்கள்



நம் சங்ககிரிப் பக்கம் லாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய. பல நாள் வண்டி ஓட்டிவிட்டு வந்த கணவருக்கு உடம்பு வலி. பாரசிட்டமால் போடுகிறார், கேட்கவில்லை என்று மறுபடியும் போடுகிறார். சளிக்கு வாங்கிய மாத்திரையிலும் அதே பாரசிட்டமால் இருப்பது அவருக்குத் தெரியாது. இன்னொரு வீட்டில் வாய்ச்சண்டை. கோபத்தில் மனைவி கைக்குக் கிடைத்த மாத்திரையை விழுங்கிவிடுகிறாள்.

மறுநாள் ஆள் நடமாடுவார். கொஞ்சம் குமட்டல் இருக்கும், இல்லாமலும் போகும். "நல்லாத்தானுங்க இருக்காங்க, ஆஸ்பத்திரி எதுக்கு?" என்பார்கள் வீட்டில். நம்மை ஏமாற்றுவது இந்த ஒரு நாள்தான். உள்ளே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். கண் மஞ்சளாகத் தெரிவது இரண்டு மூன்று நாள் கழித்து. அப்போது கீழாநெல்லி தேடி ஓடுகிறோம்.

இதற்கு முறிவு மருந்து உண்டு. பெயர் அசிட்டைல் சிஸ்டீன். நெஞ்சுச்சளியை இளக்கக் கொடுத்துவந்த மருந்துதான். இதை நரம்பு வழியாக ஏற்றிக் கல்லீரலைக் காப்பாற்றலாம் என்று 1970-களில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ மருத்துவர்கள் காட்டினார்கள். பாரசிட்டமாலின் நஞ்சை அடக்க, கல்லீரலில் குளூட்டாதயோன் என்ற காவல் சரக்கு இருக்கிறது. மாத்திரை மிஞ்சினால் அது தீர்ந்துபோகும். இந்த மருந்து அதை மறுபடி ஊறவைக்கிறது. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பெரும்பாலும் கல்லீரல் தப்பிவிடும். அதற்கப்புறமும் பலன் உண்டு. ஆனால் நேரம் போகப்போகக் குறையும். வாய்வழி கொடுத்தால் கூமுட்டை நாற்றம் அடிக்கும், குடித்துத்தான் ஆகவேண்டும். கர்ப்பிணிக்கும் கொடுப்பார்கள்.

ஆகவே உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சாணிக் கரைசல், உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காலி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மாத்திரை என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. சங்ககிரி அரசு மருத்துவமனையில் பார்த்து, தேவைப்பட்டால் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள்.

"போலீஸ் கேஸாகிவிடுமே" என்று மறைத்து வைக்கிற வீடுகள் உண்டு. மன அழுத்தத்தில் செய்தது என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். கணவன்மார்களே, "ஏன்டி இப்படிச் செஞ்சே?" என்று அன்றைக்குக் கேட்காதீர்கள். பக்கத்தில் இருங்கள். மனம் விட்டுப் பேச 14416 என்ற இலவசத் தொலைபேசி இருக்கிறது.

பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை, 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் கூடாது. குடிப்பவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் அதுவே அதிகம். டாக்டரைக் கேட்டுக் குறைத்துப் போடவேண்டும். வண்டியில் கிடக்கிற அட்டைகளையும் இன்றைக்கே எடுத்து, எதிலெல்லாம் பாரசிட்டமால் இருக்கிறதென்று இரண்டு பேருமாகப் படித்துப் பாருங்கள்.