ஓசூரில் ஒரு சிறுபட அச்சுப்பொறி



ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர வருவோரிடம் நிழற்படம் கேட்பது வழக்கம். 1960இல் உதகையில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்த தாளை இருட்டறையில் கழுவி உலர்த்திய காலம் மறைந்தது. இன்று அலுவலக மேசையிலேயே படம் அச்சாகும். அதற்கு எந்தப் பொறியை வாங்குவது?

விலையை மட்டும் நோக்கின் மைத்தெளிப்புப் பொறியே எளிது. ஆனால் ஆள் சேர்ப்பில்லாத மாதங்களில் அது சும்மா கிடக்கும். மை உலர்ந்து நுண்துளைகள் அடைபடும். அடைப்பை நீக்கவும் மையே செலவாகும். சாயநாடாப் பொறியிலோ உலர்வதற்கு மையில்லை. மஞ்சள், செந்நீலம், பசுநீலம் என்னும் சாயங்களை வெப்பத்தால் ஒவ்வொன்றாகத் தாளில் ஏற்றி, மேலே காப்புப் படலமும் இட்டுவிடும். நாடாவும் தாளும் எண்ணிக்கை பொருந்தி வருவதால் படத்தின் செலவை முன்னரே கணக்கிடலாம். இடைவிட்டு அச்சிடும் அலுவலகத்துக்கு நான் இதையே சொல்வேன். ஒரே முகத்தை அச்சிட்டாலும் நாடாவின் முழுப் பகுதியும் தீரும். ஆகவே 4 அங்குலத்துக்கு 6 அங்குலத் தாளில், 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் எட்டுப் படங்களை அடுக்குவதே சிக்கனம்.

இன்னொன்று: கழிந்த நாடாவில் ஒவ்வொரு முகமும் எதிர்ப்படமாகத் தங்கியிருக்கும். அத்திப்பள்ளி தாண்டி நாள்தோறும் வேலைக்கு வருபவரின் முகம் குப்பையில் கிடக்கலாமா? நாடாவை நறுக்கியே எறிய வேண்டும்.