காய் பழமாகும் களம்

பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டம் நூறாண்டு காண்க!

கலைச்சொல் என்றதும் மருத்துவமும் சட்டமும் அறிவியலும் நினைவிற்கு வருகின்றன. அவற்றிற்குச் சொல்லாக்கக் குழுக்கள் உண்டு; அகராதிகள் உண்டு. குழு எதுவும் கூடாமல், தெருப் புழுதியிலும் வீட்டுத் திண்ணையிலும் பிறந்த கலைச்சொற்களும் தமிழில் உள. அவையே விளையாட்டுச் சொற்கள்.

முன்னோர் இச்சொற்களைப் புறக்கணித்தாரல்லர். சூதாடு கருவியைக் குறிக்கும் ‘வல்’ என்னும் சொல்லிற்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்திலேயே புணர்ச்சி விதி வகுத்தார். அதனோடு நாயும் பலகையும் சேர்கையில் வல்லநாய், வல்லப்பலகை எனவும் வரும். இங்கு நாய் என்பது ஆடுகாயின் பெயர். கல்லாதவன் அவையேறிப் பேசுவதற்கு வள்ளுவர் காட்டிய உவமை, கட்டம் வரையாமல் வட்டாடுதல். பிள்ளைத்தமிழ்ப் புலவரோ சிற்றில், சிறுதேர், அம்மானை, ஊசல் என ஆட்டங்களின் பெயரையே பருவங்களுக்குச் சூட்டினர்.

தாய ஆட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். கட்டையை உருட்டி ஒன்று விழுந்தால் தாயம். தாயம் விழுந்த பின்னரே காய் களத்தில் இறங்கும். இடையில் வெட்டுண்டால் மீண்டும் தாயத்திற்குக் காத்திருக்க வேண்டும். கட்டங்களையெல்லாம் கடந்து நடுவீடு சேர்ந்த காய்க்குப் ‘பழம்’ என்று பெயர். ஆடுபொருளைக் காய் என்றவர்கள், அலைந்து திரும்பியதும் அதனைப் பழுக்கவும் வைத்தார்கள். இவ்வுருவகத்தைப் படைத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பிணங்கிய சிறுவர் ‘காய்’ விடுவதும், இணங்கியபின் ‘பழம்’ விடுவதும் இச்சொற்களைக் கொண்டே.

பல்லாங்குழியில் பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள். அதன் ஒருவகை ஆட்டத்தில், ஒரு குழியில் நான்கு முத்துகள் சேர்ந்தால் அது ‘பசு’. குழிக்குரியவள் அதை எடுத்துக்கொள்வாள். நான்கு புளியங்கொட்டைகள் பசுவாகும் விந்தையைப் பெண்களின் கூடம் இயல்பாக ஏற்றுக்கொண்டது.

சடுகுடுவில் எதிர்க்களம் புகுபவன் மூச்சடக்கிப் ‘பாடி’ச் செல்வான். பாட்டு நின்றால் அவன் ஆட்டமும் நின்றது. 1990இல் பெய்ஜிங்கில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி பதக்க ஆட்டமாயிற்று. அது பெருமைக்குரியது. ஆயினும் இன்றைய தொலைக்காட்சி வருணனையில் பாடிச் செல்பவர் ‘ரைடர்’ ஆகிவிட்டார். புகுதல் எஞ்சியது, பாட்டு மறைந்தது. மூச்சையே பாட்டெனக் கண்ட ஒரு சொல்லின் மறைவு, கவிஞர்க்கன்றி வேறு யார்க்கு இழப்பு?

புதிய ஆட்டத்திற்குத் தமிழ்ச்சொல் அமையாது என்பார்க்கு ஈழத்தமிழர் விடை தந்துள்ளனர். கிரிக்கெட்டைத் துடுப்பாட்டம் என்றும், விக்கெட்டை இலக்கு என்றும், ஃபீல்டிங்கைக் களத்தடுப்பு என்றும் செய்தியிலும் வருணனையிலும் தயங்காது வழங்கினர். வழங்கியதனால் அவை நிலைபெற்றன.

இறுதியாக ஒரு சொல்: ‘ஒப்புக்குச் சப்பாணி’. இன்று அது பதவியிருந்தும் பயனற்றவரை எள்ளும் தொடர். உடற்குறையைச் சுட்டும் சொல் அதில் இருப்பதால் மனத்தை உறுத்துவதும் உண்மையே. ஆயின் அதன் பிறப்பிடம் ஆடுகளம். அண்ணன்மாரோடு ஆட வந்து அழும் சின்னஞ்சிறு குழந்தையைத் துரத்தாமல், அதன் தோல்வியைக் கணக்கில் சேர்க்காமல், ஆட்டத்தில் இடமளிக்கப் பிள்ளைகள் தாமே வகுத்த விதி அது. ஆட்டம் மறையவே அருள் நீங்கிற்று. ஏளனம் மட்டும் தங்கிற்று. ஆடுகளத்தை இழந்த சொல்லுக்கு நேரும் கதி இதுவே.

ஆதலின் இவ்வட்டத்தின் கவிஞர்க்கு ஒரு வேண்டுகோள். அவரவர் ஊரில் மூத்தோரை அணுகி, விளையாட்டுச் சொற்களை ஊர்ப்பெயரோடும் ஆட்டமுறையோடும் எழுதி வைத்தல் வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. பேரப்பிள்ளைகளோடு ஒருமுறையேனும் அமர்ந்து ஆடுதல் வேண்டும். கட்டை உருண்டால்தான் தாயம் விழும். தாயம் விழுந்தால்தான் காய் பழமாகும்.